வழிக்கும் நினைவுக்கும் கல் அடுக்குவது எப்படி: ஒரு கணக்கு டீச்சரின் கைக்குறிப்பு

ஒடுகத்தூரிலிருந்து மலைப்பக்கம் போகும் பாதையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரிக் கொல்லை உண்டு. அதன் மேல்கோடியில் போன தை மாதம் நைனாவின், அதாவது என் அப்பாவின், நினைவாக 4 அடி உயரத்துக்குக் கல் அடுக்கினேன். சிமென்ட் இல்லை, சுண்ணாம்புக் காரை இல்லை, வெறும் கல். அதற்குப் பிறகு மலைக்குப் போகிறவர்கள், எங்கள் தெருக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூரிலிருந்து வண்டியில் வரும் பிள்ளைகள் என்று ஆளாளுக்கு "எப்படிக் கட்டினீர்கள், நாங்களும் கட்டலாமா" என்று கேட்கிறார்கள். 31 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

நைனா ஆடு மேய்த்தவர். இடையிடையே கொல்லைக் கல் பொறுக்கி வரப்புக் கட்டிக் கொடுக்கும் வேலைக்கும் போவார். அவர் கட்டிய கல்வரப்புகளில் சில, கட்டச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்படியே நிற்கின்றன. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கீழே கிடக்கும் கல்லைக் கண்ணால் அளந்து, அது போய் உட்காரும் இடத்தையும் பார்த்த பிறகுதான் குனிவார். எடுத்த கல்லை அவர் திரும்பக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை. "இரண்டு தடவை குனிந்தாலும் கூலி ஒன்றுதான் பாப்பா" என்பார். இந்தக் குறிப்பில் பாதி அவர் கையைப் பார்த்துக் கற்றது. மீதி, அவர் சிரிக்கும்படி நான் போட்ட கணக்கு.

கட்டலாமா, கூடாதா

பர்வதமலை ஏறியவர்களுக்குத் தெரியும். வீடு கட்டும் வரம் வேண்டி வழியோரம் ஐந்தாறு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டுப் போவார்கள். நானும் வைத்திருக்கிறேன். வீடும் வந்தது, கடனோடு. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வேறு, வழிக்கல் வேறு. வேண்டுதல் கல்லைச் சாமி பார்த்தால் போதும். வழிக்கல்லை நம்பி, தாகத்தோடும் தூக்கிய சுமையோடும் ஒரு மனிதர் திரும்புவார். ஆகவே பாதை தெளிவாக இருக்கிற இடத்தில் பொழுதுபோக்குக்குக் கல் அடுக்காதீர்கள். பத்து அடிக்கு ஒன்று வைத்தால் எது வழிக்கல், எது விளையாட்டு என்று யாருக்கும் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். மலைமேல் ஒரு பள்ளியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்போது பீஞ்சமந்தைப் பக்கம் போக நடைதான். பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தில், புதிதாக மாற்றலாகி வரப்போகிற ஆசிரியருக்கு உதவட்டும் என்று முழங்கால் உயரத்துக்குக் கல் குவித்து வைத்தேன். சரியாகப் பிரியும் முனையிலேயே வைத்தேன். எனக்கு அது "இடப்பக்கம் போ" என்று சொன்னது, ஏனென்றால் எனக்கு வழி தெரியும். அவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்கம் போனார். இருட்டும் நேரத்தில் வேறொரு சிற்றூரின் நாய்களிடம் மாட்டிக்கொண்டு, அந்த ஊரார் கொடுத்த களியைத் தின்று திண்ணையில் படுத்துவிட்டு, மறுநாள் காலை பள்ளிக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று கற்ற விதி இது. பிரியும் முனையில் கல்லை வைக்காதீர்கள். போக வேண்டிய பாதைக்குள் பத்துப் பன்னிரண்டு தப்படி சென்று வையுங்கள். முனையில் நிற்கிறவர் இரண்டு பாதைகளையும் பார்ப்பார். கல் இருக்கிற பாதையில் நடப்பார். அடுத்து, ஒரு கல்லடுக்கின் அருகில் நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும். ஏறும்போது மட்டும் பார்த்தால் போதாது. இறங்கும் முகமாகவும் நடந்து பாருங்கள். ஏறும்போது வானத்தை முதுகில் வைத்துப் பளிச்சென்று நிற்கும் அடுக்கு, இறங்கும்போது பாறையோடு பாறையாக மறைந்துவிடும். எங்கள் பக்கத்துப் பாறை எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்பதால் நான் மேல் வரிசைக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கிறேன். அந்தி நேரத்தில் அந்த வெள்ளைதான் தெரியும்.

குன்றின் உச்சியில் கல் குவித்து, தூரத்திலிருந்து அதைக் குறிபார்ப்பது எங்கள் பாடத்துக்கு நெருக்கமான வேலை. 1802இல் பரங்கிமலை அருகே பிரிட்டிஷ் படை அதிகாரி லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவை, குன்றுக்குக் குன்று பார்வையை எறிந்துதான் நாட்டையே அளந்தது. அந்த அளவைக்காரர்கள் பாறையில் புள்ளி கொத்தி, அதன்மேல் கல்லைக் குவித்துக் காப்பாற்றினார்கள். ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் தொடங்கும்போது நான் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திருப்பி மலையைக் காட்டுவேன். பாதிப் பேர் ஆட்டைத்தான் பார்த்தார்கள்.

இனி எங்கே கட்டக் கூடாது என்பது.

காப்புக்காட்டுக்குள் கூடாது. அங்கே கல்லை எடுப்பதும் இடம் மாற்றுவதும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் வரும் சங்கதி. வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு கூடைக் கல்லைக்கூடப் புரட்டாதீர்கள். என் அடுக்கு எங்கள் பட்டா நிலத்தில், வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கட்டுவதற்கு முன் நிலத்தின் எல்லை காட்டும் புலப்படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

சர்வே கல்லின்மேலும் அதை மறைத்தும் கூடாது. 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அரசின் எல்லைக் குறி. மூன்று கிராமம் சேரும் இடத்துக் கல் என்றால் இன்னும் பொல்லாதது. அதை ஒரு முழம் நகர்த்தினால் மூன்று ஊர்ச் சண்டை ஒன்றாக வரும். எங்கள் மாவட்டமே என் காலத்தில் பல தடவை உருமாறியது. நான் பிறந்தபோது வட ஆற்காடு. 1989இல் இரண்டானது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. இத்தனைக்கும் கொல்லை மூலையில் இருக்கிற சர்வே கல் ஓர் அங்குலமும் அசையவில்லை. அதை நாம் அசைக்க வேண்டாம்.

மூன்றாவது, பழைய கல்லைத் தொடக் கூடாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நம் வட ஆற்காட்டு மண் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் நிறைந்தது. மேட்டு நிலத்தில், பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகப் பாதி புதைந்து நிற்க, நடுவில் சிறு கற்கள் லேசாகக் குவிந்து உயர்ந்திருந்தால், அது கல்வட்டம். நடுவே இருப்பது கற்குவை. யாரோ கொல்லையைச் சுத்தம் செய்து கொட்டிய குவியல் அல்ல, யாரையோ புதைத்த இடம். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய கல்திட்டைகள் ஜவ்வாது மலையில் இருக்கின்றன. பாண்டவர் வீடு என்றும் வாலியர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் மக்கள் கதை சொல்வார்கள். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்கால மக்களும் அவர்களுக்குப் பின் வந்த இரும்புக்கால மக்களும் வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன. ஆகவே "இங்கே வசதியாகக் கல் குவிந்து கிடக்கிறதே" என்று உங்கள் கை பரபரத்தால், முதலில் வட்டம் இருக்கிறதா என்று சுற்றி நடந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு வேறு இடத்தில் கல் பொறுக்குங்கள். புதையல் நினைப்பில் கிளறுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 10 ரூபாய்க்கு இப்போது ஒரு டீகூட நிச்சயமில்லை.

எந்தக் கல், எவ்வளவு

பாலாற்றங்கரையில் கிடைக்கும் வழவழப்பான உருண்டைக் கல்லை அழகாக இருக்கிறதே என்று ஏற்றிவராதீர்கள். அது ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. நின்றாலும் ஒரு மழைக்குத்தான். நமக்கு வேண்டியது கோணல்மாணலாக, குறைந்தது இரண்டு தட்டைப் பக்கம் உள்ள கருங்கல். நம் குன்றுகளின் பாறை வெயிலில் காய்ந்து வெங்காயத் தோல்போல உரிந்து விழும். அந்தப் பலகைத் துண்டுகள் பாறை அடியிலேயே கிடக்கும். உச்சியில் வைக்கும் மூடுகல்லுக்கு அவற்றைவிட நல்லது இல்லை. சம்மட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல கல். மொத்தென்றால் உள்ளே விரிசல். அது நடுவில் போடும் நிரப்புக்குப் போகட்டும்.

கற்களைப் பொறுக்கியதும் ஒரே குவியலாகக் கொட்ட வேண்டாம். நான்கு வகையாகப் பரப்புங்கள். பெரியது அடிக்கு. நீளமானது சுற்றையும் நிரப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புக்கு. நடுத்தரமானது வெளிச் சுற்றுக்கு. கைப்பிடி அளவும் அதற்குக் கீழும் நிரப்புக்கு. நிரப்புக் கல் போதும் என்று தோன்றும்போது இன்னும் அதே அளவு பொறுக்குங்கள். எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். நானும் பாதியில் நிறுத்திவிட்டு மூன்று பாண்டு சில்லு பொறுக்கப் போனேன்.

இப்போது கணக்கு. உயரம் 4 அடி, அடிவிட்டம் 4 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடி உயரத்துக்கும் சுற்று எல்லாப் பக்கமும் 2 அங்குலம் உள்ளே வர வேண்டும். அதாவது நடுவிலிருந்து விளிம்பு வரை தரையில் 24 அங்குலம், ஓரடி உயரத்தில் 22, பிறகு 20, 18, உச்சியில் 16. ஆக மேல்விட்டம் 32 அங்குலம். இந்த உருவத்துக்குப் பெயர் கூம்பின் இடைக்கண்டம். பத்தாம் வகுப்பில் வாளியின் கொள்ளளவு என்று படித்துவிட்டு, இதெல்லாம் எதற்கு உதவப்போகிறது என்று கேட்டவர்களுக்கு இதோ: ஏறக்குறைய 35 கன அடி வருகிறது. லாரிக்காரர் மொழியில் 100 கன அடி ஒரு யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கு. கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. கற்களுக்கு இடையில் கால்பங்கு வெற்றிடம் என்று கழித்தால், நீங்கள் தூக்கப்போவது கிட்டத்தட்ட 2 டன். இந்த எண்ணைச் சொன்னதும் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 2 அடி உயரம் போதும் என்பவர்கள் அடியையும் உச்சியையும் பாதியாக்கிக்கொண்டால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும், 250 கிலோதான். வழிக்கல்லுக்கு அது தாராளம்.

எப்போது கட்டுவது? தை பிற்பாதியும் மாசியும். மண் காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. சித்திரையில் கட்ட நினைப்பவர் வேலூருக்குப் புதியவராக இருக்க வேண்டும். 40 டிகிரியைத் தாண்டும் பகலில் கல்லைக் கையில் வாங்க முடியாது. ஆனால் தையில் வேறொரு தொல்லை: ஊருக்கு ஊர் மாடு விடும் திருவிழா. உதவிக்கு வருவதாகச் சொன்ன அண்ணன் மகனும் அவனுடைய கூட்டாளிகளும் இரண்டு வாரம் கண்ணிலேயே படவில்லை. கடைசித் திருவிழா முடிந்த மறுநாள்தான் கைகாலில் சிராய்ப்போடு வந்தார்கள்.

அடுக்குதல்

கடைக்கால் பெரிதாக வேண்டாம். மேல்மண்ணை வழித்து, கெட்டியான மொரம்பு தெரியும்வரை தோண்டினால் போதும். எனக்கு முக்கால் அடியிலேயே வந்துவிட்டது. பாறைமேல் கட்டுவதாக இருந்தால் சரிவு இல்லாத பாறையாகப் பாருங்கள். நடுவில் 5 அடி மூங்கில் கழியை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேராக்குங்கள். கழியில் ஒரு நூலைச் சுருக்குப் போட்டுக் கட்டி, 24, 22, 20, 18, 16 அங்குலங்களில் முடிச்சுப் போடுங்கள். ஓரடி உயர்ந்ததும் அடுத்த முடிச்சைப் பிடித்துச் சுற்றிவர வேண்டியதுதான். ரசமட்டமும் வேண்டாம், கண்மதிப்பும் வேண்டாம். நைனா நூலைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவருக்குக் கண்ணே நூல்.

அடிச்சுற்றுக்கு மிகப் பெரிய கற்கள். இங்கே எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. கல்லின் நீளமான முகத்தை வெளியே காட்டி வைப்பார்கள்; பார்க்கப் பெரிதாகத் தெரியும், குறைந்த கல்லில் சுற்று முடியும். அப்படி வைத்தால் அது தட்டுமேல் சாய்த்த புத்தகம் மாதிரி, தள்ளினால் விழும். நீளம் உள்ளே நடுவை நோக்கிப் போக வேண்டும். குறுகிய முகம்தான் வெளியே. கூடவே, ஒவ்வொரு கல்லும் உள்பக்கம் ஒரு நூலளவு தாழ்ந்திருக்க வேண்டும். கல்மேல் ஒரு கை தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே வழிந்தால் எடுத்து மாற்றுங்கள், உள்ளே போனால் விடுங்கள். பாரம் எல்லாம் நடுவை நோக்கிச் சாய்ந்தால் அடுக்கு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். வெளியே சாய்ந்தால் ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு ஆடும் அதைப் பிரித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் சுற்றில், கீழே இரண்டு கல் சேரும் சந்தின்மேல் ஒரு கல் உட்கார வேண்டும். செங்கல் கட்டுக்குச் சொல்வதுதான். சந்துமேல் சந்து நேராக வந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் பிளக்கும்.

கல் ஆடினால் வெளியிலிருந்து சில்லைச் செருகாதீர்கள். அந்தச் சில்லு கழன்று விழும், பின்னாலேயே கல்லும் வரும். உள்பக்கமிருந்து செருகுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேல் ஏறி நில்லுங்கள். என் அண்ணன் மகன் 80 கிலோ. அவனை ஒவ்வொரு சுற்றிலும் ஏறி நடக்கச் சொன்னேன். காலடியில் ஒரு கல் "டக்" என்றால் அதை எடுத்துத் திரும்ப வைத்தோம். இரண்டாம் நாள் மதியம் அவன் "அத்தை, இது போதாதா, யார் பார்க்கப்போகிறார்கள்" என்றான். கூழ் குடித்துவிட்டு வா, பேசலாம் என்றேன்.

அடுத்தது நிரப்பு. சுற்று ஒரு வரிசை உயர்ந்ததும் உள்ளேயும் அதே மட்டத்துக்கு நிரப்பிவிட வேண்டும். மொத்தமாக மேலே வந்த பிறகு கூடையால் கொட்டினால் உள்ளே பொந்துகள் நிற்கும். நாளாவட்டத்தில் சில்லு இறங்கும், சுற்று உள்ளே மடங்கும். ஒவ்வொரு சில்லையும் கையால் வைத்துக் கடப்பாரை முனையால் இடித்து இறுக்குங்கள். மண்ணைக் கொட்டி நிரப்பக் கூடாது. மண் இருந்தால் கரையான் வரும், அரச விதை விழும். அந்த வேர் கோபுரத்தையே பிளக்கிறது, நம் 4 அடி எம்மாத்திரம். மழைநீர் உள்ளே போகும், போகட்டும். கல்லுக்கு நடுவே வழி இருந்தால் அது கீழே இறங்கிப் போய்விடும். கழியை ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை திருகி விடுங்கள், கடைசியில் உருவ வேண்டும் அல்லவா? நான் மறந்துவிட்டேன். அந்த மூங்கில் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, தலையை மட்டும் அறுத்துவிட்டோம்.

2 அடி உயரம் வந்ததும் மூன்று நான்கு நீளக் கற்களைப் பிணைப்பாகப் போடுங்கள். வெளிமுகத்திலிருந்து நடுவைத் தாண்டி அடுத்த பக்கத்து நிரப்புக்குள் நுழைகிற அளவு நீளம் இருந்தால் நல்லது. சுற்றும் நிரப்பும் தனித்தனியாகப் பிரியாமல் பிடித்துக்கொள்வது இவைதான்.

உச்சியில் மூடுகல். நான் வைத்தது 2 அடி அகலம், 3 அங்குலக் கனம். ஏறக்குறைய 60 கிலோ. தலைக்குமேல் தூக்கி வைக்கும் வீரம் வேண்டாம். இரண்டு சாரப் பலகைகளைச் சாய்த்துப் போட்டு, ஒருவர் மேலிருந்து கயிற்றால் இழுக்க, இருவர் கீழிருந்து கடப்பாரையால் நெம்ப, வழுக்கிக்கொண்டே மேலே போய்விடும். விரலை மட்டும் காப்பாற்றுங்கள்.

பாம்பு, தேள்

கல் பொறுக்கும் இடம் எல்லாம் சுருட்டை விரியனின் வீடு. சிறியதுதான், கோபம் பெரிது. கிடக்கும் கல்லைக் கைவிட்டுப் புரட்டாதீர்கள். கடப்பாரையால், எதிர்ப்பக்க விளிம்பை உங்களை நோக்கித் தூக்குங்கள். திறப்பு அந்தப் பக்கமாக இருக்கும், உள்ளே இருப்பது அந்தப் பக்கமாகவே ஓடும். மாலை ஐந்துக்கு மேல் வேலை வேண்டாம். கடித்துவிட்டால் கீறுவது, கயிறு கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108க்குச் சொல்லுங்கள்.

நினைவுக்கு என்றால்

சங்கப் பாடல்களில் பதுக்கை என்று ஒரு சொல் வரும். பாலை வழியில் அம்பு பட்டுச் செத்த வழிப்போக்கர்மேல் கல்லைக் குவித்து மூடிய மேடு அது. நினைவுச் சின்னமும் அதுவே, இந்த வழி ஆபத்தானது என்கிற எச்சரிக்கையும் அதுவே. நடுகல் அதற்கு அடுத்த படி: கல்லில் உருவமும் பெயரும். நடுகற்களுக்கு நம் பழைய வட ஆற்காட்டில் பஞ்சமே இல்லை. செங்கம் பகுதியிலிருந்து தொகுத்தவற்றை மட்டும் 1972இல் மாநிலத் தொல்லியல் துறை ஒரு புத்தகமாகவே போட்டது. எனக்குப் பிடித்தது எடத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரும் வெட்டியிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாய். அரசனின் ஆட்சியாண்டு தெரிகிற அதே கல்லில் ஒரு நாயின் பெயரும் 1400 ஆண்டுகளாக இருக்கிறது.

சுமைதாங்கிக் கல்லும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் கையும் வேண்டாமல் பாரத்தை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொள்ளலாம். எந்தச் சலவைக்கல் சமாதியையும்விட எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. நைனாவுக்கு எங்கே கட்டுவது என்று யோசித்தபோது அதனால்தான் வீட்டு வாசலில் வேண்டாம் என்றேன். அண்ணனுக்கு அதில் வருத்தம். மேல்கோடிதான் சரி என்றேன்; மலைப்பாதை எங்கள் கொல்லையை உரசித் திரும்பும் வளைவு அது. கீழே வருகிறவருக்கு ஊர் எந்தப் பக்கம் என்று அங்கேதான் குழப்பம் வரும். கடைசியில் அண்ணனும் ஒப்புக்கொண்டார், ஆனால் பூசை தான்தான் போடுவேன் என்ற நிபந்தனையோடு.

உள்ளே ஏதாவது வைக்க விரும்பினால், துணி, காகிதம், மரம் வேண்டாம், எல்லாம் கரையானுக்கு. விலையுள்ளதும் வேண்டாம், வைத்தது ஊருக்குத் தெரிந்த மறுவாரம் அடுக்கைப் பிரித்துவிடுவார்கள். நாங்கள் வைத்தது நைனாவின் தொரட்டியின் இரும்பு அரிவாள் மட்டும். ஆட்டுக்குக் கொப்பு இழுத்து இழுத்துப் பிறைபோலத் தேய்ந்தது. அதை நட்டநடுவில், 2 அடி மட்டத்தில், நிரப்புக் கற்களுக்கு நடுவே வைத்தோம். பெயர் வெட்டுவதாக இருந்தால் மூடுகல்லில் வெட்டாதீர்கள், மழை படுகிற முகம் அது. பக்கவாட்டில், நிற்கிறவரின் கண்ணுக்குச் சற்றுக் கீழே, ஒரு தட்டைக் கல்லின் முகத்தில் வெட்டுங்கள். எழுத்து 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; கருங்கல்லில் பொடி எழுத்து பத்து ஆண்டில் பாசியாகிவிடும். உளிக்காரர் எழுத்துக்கு எழுத்து கூலி கேட்டார். நைனா பெயர் நான்கு எழுத்துதான், செலவு வைக்காத மனிதர்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை சுற்றிவந்து தட்டிப் பாருங்கள். முதல் ஆண்டில் அடுக்கு அரை அங்குலம், ஓர் அங்குலம் இறங்கி உட்காரும், அது நல்லதுதான். சந்தில் முளைக்கும் செடியைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். வழிபோகிறவர்கள் பிரியத்தில் மேலே கூழாங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். அவற்றை மட்டும் எடுத்துக் கீழே வரிசையாக வைத்துவிடுங்கள்.

ஐப்பசி மழை விட்ட பிறகு நான் மேலே போனேன். தெற்குப் பக்கம், மூன்றாம் வரிசையில் ஒரு கல் விரல் கனம் வெளியே தள்ளியிருந்தது. 80 கிலோக்காரன் "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொன்ன அன்று வைத்த வரிசை. போனில் அவனைக் கூப்பிட்டேன். கடப்பாரையோடு வந்து, ஒன்றும் பேசாமல் மேலே இருந்த ஏழு கல்லையும் இறக்கி, திரும்ப அடுக்கினான். மூடுகல்லின்மேல் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. யாருடைய ஆடோ ஏறி நின்றிருக்கிறது. அவன் அதைத் துடைக்கப் போனான். அது கிடக்கட்டும் என்றேன்.